இல்லாத ராஜாவுக்கு மொட்டை

என் தங்கை கோகிலாவுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் என் கணவர் ராஜரத்தினம் மொட்டை அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தலையில் மட்டுமில்லை, மேலுதட்டிலும் ஒரு முடி இல்லை. மாமனார் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருந்தார், வயதானவர். தந்தி ஏதும் வந்துவிட்டதோ என்று பதறி, “என்னங்க, மாமாவுக்கு என்ன ஆச்சு?” என்று அலறினேன்.

“அப்பாவுக்கு ஒண்ணுமில்ல,” என்றார். கண் சிவந்திருந்தது. “எங்க மன்னர் போயிட்டாரு, சிவகாமி.”

அந்த மன்னர் யார் என்று நீங்கள் எங்கேயும் தேட வேண்டாம். எந்த நாட்டிலும் கிடைக்க மாட்டார். எங்கள் காஜா பெராங் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த அப்பாசாமி என்கிற மனுஷனின் மண்டைக்குள் பிறந்தவர் அவர். அப்பாசாமிக்கு வேலை குறைச்சல், கற்பனை ஜாஸ்தி. பழைய காலண்டர் தாள்களைப் பசை போட்டு ஒட்டி, பின்பக்கத்தில் ஒரு தீவை வரைந்து, வச்சிரமாபுரி என்று பெயர் வைத்தார். ஆறு, மலை, பேய் உலவும் காடு, பளிங்குக் கோட்டை எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, மாணிக்கசூடர் என்ற பட்டத்தோடு தானே அதற்கு ராஜாவும் ஆகிக்கொண்டார். கடையில் வந்து வெட்டிப்பேச்சு பேசுகிற ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பதவி. துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கணக்கு எழுதுகிற கிராணியான என் கணவர் அங்கே மகாமந்திரி மதியூகி. வீட்டில் அரிசி தீர்ந்து போனது தெரியாத மனுஷருக்குப் பெயரைப் பாருங்கள், மதியூகி!

ஞாயிறு தவறாமல் தையல் மேசையில் தீவை விரித்து வைத்துத் தாயக்கட்டை உருட்டுவார்கள். தாயம் விழுந்தால் யானைப்படை முன்னேறும். விழாவிட்டால் காட்டில் பேய் அடிக்கும். ஒவ்வொருவருக்கும் வீரம் இவ்வளவு, மந்திர சக்தி இவ்வளவு, மிச்சமிருக்கும் உயிர் இவ்வளவு என்று கணக்கு உண்டு. எதிரி இல்லாமல் ருசிக்கவில்லை என்று பக்கத்து ஊரான செமாபோக்கில் இன்னொரு கூட்டத்தைப் பிடித்து, அவர்களைக் காரிருள் நாடு ஆக்கினார்கள். ஒரு பக்கத்து ஆளின் நிஜப் பேரும் முகமும் மறுபக்கத்துக்குத் தெரியவே கூடாது என்பது விதி. படை எந்தப் பக்கம் நகர்கிறது என்று எழுதி பிஸ்கட் டின்னில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுப்பார்கள். பதில் டின் முகைதீன் பாயின் மளிகைக் கடையில் வந்து இறங்கும். “உள்ள பிஸ்கட் இருந்தாலாவது திங்கலாம் தங்கச்சி,” என்று பாய் ஒரு தடவை என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வாரம் வந்த டின்னில் இடி இருந்தது. காரிருள் நாட்டு வேந்தன் இடிமுழக்கன் பளிங்குக் கோட்டையைப் பிடித்து, மாணிக்கசூடரை வெட்டிச் சாய்த்துவிட்டானாம். ராஜாவுக்கு வாரிசு இல்லை. அதனால் மகாமந்திரியே பிள்ளை ஸ்தானத்தில் நின்று தலையும் மீசையும் மழித்து, மணிக்கட்டில் கறுப்பு நாடா கட்டித் துக்கம் காப்பார் என்று எதிரி நாட்டுக்கு முந்தின நாளே பதில் ஓலை அனுப்பிவிட்டு, இவர் விடிந்ததும் நேராக நாவிதர் கடைக்குப் போயிருக்கிறார். தையல் கடையில் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு, செத்துப்போன ராஜாவே வடையும் தேத்தண்ணியும் எடுத்துக் கொடுத்தாராம். மாதக் கடைசியில் வெள்ளைக்காரன் போய் இங்கே ஒரு நிஜமான நாடு பிறக்கப் போகிறது. கடைக்காரர்கள் கொடுத்திருந்த புதுக் கொடிகள் வெட்டின துணியாகவே மூலையில் கிடக்க, அப்பாசாமி விடிய எழுந்து தைத்தது தனக்கான கறுப்புக் கொடியை. இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

எனக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் இருந்தது. கோகிலா ஆஸ்பத்திரியில் தாதி. வந்த வரன்களெல்லாம், ராத்திரி முறை பார்க்கிற பெண் வேண்டாம் என்றும், ஆம்பிளையைத் தொட்டு மருந்து போடுகிற பெண் வேண்டாம் என்றும் திரும்பிப் போனார்கள். வேலையை விட்டால் கட்டிக்கொள்கிறோம் என்றவர்களும் உண்டு. அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அந்த வேலை அவளுக்கு உயிர். செமாபோக் மருதமுத்துவின் மகன் சுப்பையன் ஒருவன்தான், அம்மாவுக்குக் காலில் கட்டுப்போட ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் இவளைப் பார்த்துப் பேசி, கல்யாணத்துக்கு அப்புறமும் நீங்கள் வேலைக்குப் போகலாம் என்று தானாகவே சொன்னவன். அன்றைக்குக் கோகிலா சோறு பரிமாறும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கு அப்பா அம்மா இல்லை. பரிசத் தட்டை வாங்க வேண்டிய கை, அக்கா புருஷனான இந்த மொட்டையின் கைதான்.

அரைத்து வைத்திருந்த சந்தனத்தைக் கிண்ணத்தோடு எடுத்து அவர் மண்டையில் அப்பினேன். “முருகனுக்கு வேண்டுதல்னு சொல்லணும். புரியுதா?”

“மீசை?”

“நாவிதனுக்குக் கை தவறிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீங்க வாயத் தொறந்தீங்க, அந்தக் காலண்டர் நாட்ட அடுப்புல வச்சிருவேன்.”

மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டு வேளைக்கு முன்பே வந்துவிட்டார்கள். மருதமுத்து மரக்கடையில் மேற்பார்வை பார்ப்பவர், ஆள் வாட்டசாட்டம். அவர் மனைவி சாரதாம்பாள் வாசற்படியில் கால் வைத்தவள், என் கணவரைப் பார்த்ததும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “யாருக்கு என்ன ஆச்சு? தீட்டு வீட்டுலயா பரிசம் போடுறது?”

“தீட்டெல்லாம் இல்லங்க. முருகனுக்கு நேர்ந்துக்கிட்டது. தங்கச்சிக்கு நல்ல எடம் அமைஞ்சா முடி எறக்குறேன்னு,” என்றேன். மீசை இல்லாத மேலுதட்டை அவள் உற்றுப் பார்த்தபோது நாவிதரின் தலையில் பழியைப் போட்டேன். அரைமனதாக உள்ளே வந்தாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். பழமும் வெற்றிலையும் சேலையுமாகத் தட்டு நடுவில் வந்தது. என் கணவர் தட்டை வாங்கக் கை நீட்டினார். சட்டைக் கை மேலே ஏறியது. உள்ளே கறுப்பு நாடா.

மருதமுத்து தட்டைப் பின்னுக்கு இழுத்தார். மணிக்கட்டைப் பார்த்தார், மொட்டையைப் பார்த்தார், மீசை இருந்த இடத்தைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: “மகாமந்திரி மதியூகியா?”

என் கணவர் நீட்டின கையை இழுத்துக்கொண்டார். “அப்ப நீங்க…”

“இடிமுழக்கன்!” என்று மருதமுத்து நெஞ்சில் தட்டிக்கொண்டார். அறுபதை நெருங்குகிற மனுஷன்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதே சமயம் நிம்மதியாகவும் இருந்தது. ஒரே கிறுக்கு இரண்டு பேருக்கும், இனிக் கட்டிப்பிடித்துக்கொண்டு சம்பந்தியாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். மருதமுத்து கையை விரித்துக்கொண்டுதான் எழுந்தார். என் கணவர் இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

“எங்க மன்னரக் கொன்ன வீட்டுக்கு நாங்க பொண்ணு குடுக்க முடியாது.”

“என்னங்க!” என்று கத்தினேன்.

“ராஜ விவகாரம். நீ குறுக்க பேசாத.”

மருதமுத்துவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், ஆள் சந்தோஷமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். “சரி, சமாதானம் பேசுவோம். எளவரசியக் குடுங்க, போர் நிக்கட்டும். அந்தக் காலத்துல ராஜாக்கள் அப்படித்தானே செஞ்சாங்க?”

“பளிங்குக் கோட்டையத் திருப்பித் தரணும்.”

“அது நாங்க படை நடத்திப் பிடிச்ச கோட்டையாச்சே!”

இப்படியே பேரம் போயிற்று. ஆற்றுக்கு வடக்கே உனக்கு, தெற்கே எனக்கு, யானைப்படையில் பாதி, பேய்க்காட்டுக்குப் போகிற பாதை என்று இரண்டு பேரும் தரையில் விரலால் கோடு போட்டுப் பேசினார்கள். வந்திருந்த உறவுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். சுப்பையன் தலை நிமிரவே இல்லை. கோகிலா காப்பித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

கடைசியில் மருதமுத்து தொடையில் தட்டினார். “கோட்டைய முழுசாத் தர்றேன். ஆனா ஒரு ஷரத்து. எங்க அரமனைக்கு வர்ற எளவரசி அரமனையிலதான் இருக்கணும். ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரின்னு வெளிய போகக் கூடாது.”

“இதத்தான நான் மொதல்லேருந்து சொல்றேன்!” என்று சாரதாம்பாள் முகம் மலர்ந்தாள். அவளுக்குக் காரிருள் நாடும் தெரியாது, வச்சிரமாபுரியும் தெரியாது. மருமகள் வீட்டோடு இருப்பாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

என் கணவர் யோசிக்கக்கூட இல்லை. “சம்மதம்,” என்றார். முகத்தில் அப்படி ஒரு வெற்றிக் களை.

“வேலைக்குப் போகலாம்னுதானங்க பேச்சு! அவ உசிர வுட்டு வாங்குன வேலைங்க அது!”

“கோட்டையே திரும்பி வருது சிவகாமி. உனக்கு இதெல்லாம் வெளங்காது.”

அவரை அந்த இடத்திலேயே அறைந்திருப்பேன். சபை இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். கோகிலா வந்து காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. சுப்பையனுக்கு நேரே நின்றாள்.

“நீங்க அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்கிட்ட என்ன சொன்னீங்க?”

“வேலைக்குப் போகலாம்னுதான்…” அவன் அப்பாவைப் பார்த்தான். “எனக்கு இப்பவும் ஆட்சேபணை இல்லங்க. ஆனா ஒப்பந்தம் ஆயிருச்சே. நாங்களே மீறினா எங்க நாட்டுக்குக் கேவலமாப் போயிரும்.”

கோகிலா அவனைப் பார்த்தாள். “உங்களுக்கும் அங்க உத்தியோகம் இருக்கா?”

“உப சேனாபதி,” என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கோகிலாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை மறைக்கக்கூட அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. சம்மதித்துத் தொலைப்பாளோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இனி யார் வருவார்கள் என்றும் அதே நிமிஷத்தில் பயந்தேன்.

கோகிலா பரிசத் தட்டைக் குனிந்து எடுத்துச் சாரதாம்பாளின் மடியில் வைத்தாள். “மன்னிச்சிருங்க அத்தை. எனக்கு வார்டுல ஆளு காத்துக்கிட்டிருக்காங்க. அவங்களுக்கு நெசமாவே காயம்.” அவள் குரல் உடையவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சாரதாம்பாள் சாபம் விட்டாள், உறவுக்காரர்கள் செருப்பைத் தேடினார்கள், சுப்பையன் ஒரு தடவை சாத்தின கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு அப்பாவுக்குப் பின்னால் போனான். நான் உள்ளே போனேன். கோகிலா கட்டிலில் உட்கார்ந்து, தலையில் வைத்திருந்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

தெருவில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் கணவர்தான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சந்தனம் வேர்வையில் கரைந்து கழுத்தில் வழிய, மருதமுத்துவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி! சம்பந்தி! அப்ப கோட்டை?”