வயிற்றுப் பிள்ளைக்கு வெயில்

மருமகளுக்கு மூன்றாம் மாசம் பிறந்ததுமே, கொல்லை அறைச் சன்னலில் சாக்கை வைத்து ஆணி அடிக்கச் சொன்னாள் ஜெயலட்சுமி. வேறு காலமாக இருந்தால் கெட்டித் துணி தொங்கியிருக்கும். உலக யுத்தம் நடக்கிற வருஷம், துணி கிடைக்கவில்லை. மீன்சுருட்டியில் அந்த வீட்டு வழக்கம் அது. கர்ப்பிணி மேல் வெயில் படாமல் இருந்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும், கண்ணேறும் அண்டாது.

மருமகள் ஜெகதாம்பாளின் தலைப்பிள்ளை தர்மராஜ் அப்படிப் பிறந்தவன்தான். நல்ல சிவப்பு. நாலு வயசாகியும் கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து, கொஞ்சம் நடந்தால் உட்கார்ந்துவிடுவான். அவனைப் பெற்று அவள் பிழைத்ததே அதிகம். இடுப்பெலும்பு குறுகல் என்று திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டரம்மா அவளிடம் கேட்டாள்: "உன்னைச் சுமந்தப்ப உங்கம்மா வெயில்ல நடமாடினாங்களா?"

இல்லை. அவள் அம்மாவையும் இருட்டில்தான் வைத்திருந்தார்கள்.

"வயித்துல வெயில் சத்து கெடைக்காதது வளந்த பெறகும் எலும்புல காட்டும்னு எனக்கு ஒரு சந்தேகம். சத்தியமா சொல்ல முடியாதும்மா" என்றாள் டாக்டரம்மா.

ஜெகதாம்பாளுக்கு அந்தச் சந்தேகமே போதும். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து களத்துக்கு நடந்தாள்.

தை மாசம். களத்தில் வரகு காய்ந்துகொண்டிருந்தது. காக்காய் கோழி விரட்டுவது கிழடுகட்டைகள் பார்க்கிற வேலை. அவள் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, முந்தானையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, நல்ல வெயிலில் உட்கார்ந்தாள்.

பண்ணையில் வேலை செய்யும் இருசம்மாள் வரகைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏழு மாசம்.

"என்னங்கம்மா, வூட்ல சண்டையா?"

"வெயில் காய வந்தேன்."

இருசம்மாள் சிரித்துவிட்டாள். "நல்ல கூத்துங்க! ஒரு நாளு நெழல்ல கால நீட்டிக் குந்த மாட்டமான்னு நான் கெடக்கறேன். அந்த ரூம எனக்குக் குடுத்துட்டு இந்தக் களத்த நீங்க வச்சுக்குங்க."

"உள்ள கெடந்தா புள்ளைக்குக் கால் வளையும்டி."

"எம்புள்ளைவளுக்குக் காலு நேராத்தான் இருக்கு. வவுறுதான் ஒட்டிக் கெடக்கு."

அது நிசம். மறுநாள் வரும்போது ஜெகதாம்பாள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். இருசம்மாளை வைக்கோல்போர் நிழலில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லிவிட்டு, தானே இறங்கி வரகைக் கிளறினாள்.

அதை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். ஜெயலட்சுமி மகன் வைத்திலிங்கத்தை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அடிப் பாவி! பண்ணையாளு நெழல்ல குந்தித் திங்கறா, எம்மருமவ களத்துல கால் தேயறா! வாடி வூட்டுக்கு."

"வரலை அத்தை."

"ஊரு சிரிக்குது ஜெகதா" என்றான் வைத்திலிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஊரா பெத்துக்கப் போவுது?"

"கரிக்கட்டையா பொறக்கும்டி!" என்றாள் மாமியார்.

"பொறக்கட்டும். எந்திரிச்சு நின்னா போதும். தர்மராஜு பெரியவனானா அவன யாரு தூக்குவா? நீங்களா?"

பேரனைத் தினமும் கொல்லைக்குத் தூக்கிப்போகிறவள் ஜெயலட்சுமிதான். புடவையை உதறிச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். வைத்திலிங்கம் பின்னாலேயே போனான்.

அதன்பின் வீட்டில் ஜெகதாம்பாளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவள் அசரவில்லை. வரகு முடிந்து துவரை காய்ந்தது, துவரைக்குப் பின் மிளகாய், சித்திரையில் புளி. இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து காவல் உட்காருவாள். வெயில் உச்சிக்கு ஏறினால் மட்டும் இருசம்மாள் விரட்டுவாள்: "எந்திரிங்கம்மா, மயங்கி வுழுந்தா எந்தலைதான் உருளும்." அதற்குள் இருசம்மாளுக்குப் பிறந்திருந்த பிள்ளை வேப்பமரத்துத் தூளியில் கிடந்தது.

ஆவணியில் ஜெகதாம்பாளுக்குப் பெண் பிறந்தது. திருச்சியில் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள்; தாயின் இடுப்பை வெயில் விரித்துக் கொடுத்துவிடவில்லை. பிள்ளை நல்ல கறுப்பு.

மறுவருஷம் உடையார்பாளையத்திலிருந்து ஜெயலட்சுமியின் தங்கை குஞ்சம்மாள் வந்தாள். குழந்தையைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினாள். "பொட்டப்புள்ள போயி இவ்வளவு கறுப்பா இருக்கே அக்கா, எவன் கட்டுவான்?"

குழந்தை உரலைப் பிடித்து எழுந்தது. பிடியை விட்டது. ஆடிக்கொண்டே முற்றத்தில் நடந்து, தடுமாறி, விழாமல் நின்றது. கால் இரண்டும் உலக்கை மாதிரி நேராக இருந்தன. ஜெகதாம்பாள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயலட்சுமிதான் பேசினாள்.

"கட்டுறவன் வரட்டும்டி. மொதல்ல அவன் கால நாங்க பாப்போம்."