ஒரு ‘டா’

சமையலறைக் கத்தியால் அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான், பக்கவாட்டில் ‘மூன்று வருட உத்தரவாதம்’ என்று பெரிதாகப் போட்டிருந்ததை அவன் பார்த்தான். அந்தப் பக்கம் கட்டிலுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தான்.

“வந்துருச்சா?” என்றாள் அவன் மனைவி. கண்ணைத் திறக்கவில்லை.

“வந்துருச்சு.”

“காட்டுங்க.”

உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர். மைக்கில் பாடுவதை லேப்டாப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அவன்கிட்ட கேட்டீங்களா?”

“எதுக்கு? நான் பாத்துத்தான் வாங்கினேன்.”

அவன் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருக்கிறான். எந்தப் பொருள் உழைக்கும், எது பல்லைக் காட்டும் என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். பேரிங்கையும் பம்பையும் தேர்ந்தெடுக்கிறவனுக்கு இந்தப் பெட்டி ஒரு பெரிய காரியமா? ஒரு வாரம் உட்கார்ந்து ஒப்பிட்டான். எத்தனை துளை, எத்தனை பிட், என்ன உத்தரவாதம் என்று நோண்டி நுங்கெடுத்தான். ஒரு ஆளைக் கேட்டிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். அந்த ஆளைத் தவிர மற்ற எல்லாரையும் கேட்டான்.

அந்த ஆள், அவள் பாடும் மெல்லிசைக் குழுவின் கீபோர்டுகாரன்.

அவள் குழுவில் கோரஸ் பாடுகிறவள். முன்னால் நின்று பாடுகிறவர்களுக்குப் பின்னால் ஆ என்றும் ஓ என்றும் இழுக்கும் குரல்களில் ஒன்று. அவளுக்கென்று கீபோர்டுகாரன் ஒரு மெட்டுப் போட்டிருந்தான். வரிகளை அவளே எழுதினாள். நாலே வரி. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனதில் நுரையீரல் முந்திக்கொண்டது. மருத்துவமனையில் இனி ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்ததும் அவள் கேட்டது இது ஒன்றைத்தான். அந்த நாலு வரியைத் தன் குரலில் பாடி வைத்துவிட வேண்டும்.

அந்த வரிகளை அவனும் படித்தான். அதில் ஒரு ‘நீ’ வந்தது.

அவள் அவனை ஒருநாளும் நீ என்றதில்லை. அவனுக்கு ‘நீங்க’. கீபோர்டுகாரனுக்கு ‘டா’. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான், என்னையும் டா போட்டுத்தான் கூப்பிடேன் என்று. “உங்களப் பாத்தா வரமாட்டேங்குது. ஆபீசர் மூஞ்சி” என்றாள். அவனும் சிரித்தான். அன்றையிலிருந்து குளிக்கும்போது கண்ணாடியில் அந்த மூஞ்சியைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

கீபோர்டுகாரன் அவனை மாமா என்று கூப்பிடுவான். அக்கா புருஷன் முறை. முறை வைத்துக் கூப்பிடுகிறவன்மேல் சந்தேகப்பட முடியாது அல்லவா? அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

லேப்டாப்பில் பெட்டியைச் செருகினான். அவளுடைய மைக்கை உறையிலிருந்து எடுத்து மாட்டினான். அவள் அக்கா அதைக் கட்டிலருகே பிடித்துக்கொண்டாள். திரையில் கோடு ஓடியது. செத்த கோடு. அக்கா மைக்கில் ஊதினாள், தட்டினாள். கோடு அசையவில்லை.

கட்டிலில் கிடந்தவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அதுல நாப்பத்தெட்டு வோல்ட் இல்லையா?”

இல்லை. சில மைக்குகளுக்குப் பெட்டியிலிருந்து கேபிள் வழியாகக் கரண்ட் போனால்தான் உயிர் வரும். அவளுடையது அந்த வகை. பெட்டியைப் பற்றி ஒரு வாரம் படித்தவன், அலமாரியில் இருந்த மைக்கை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

“மாத்திடலாம். நாளைக்கே வேற வரும்” என்றான்.

அக்கா அவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

“தம்பி, அவ மூச்சு வாங்குறதப் பாத்தீங்கல்ல? நாளைக்குன்னு சொல்றீங்களே. வீம்பு புடிக்கிற நேரமா இது? அந்தப் பையனுக்கு ஒரு போன் போடுங்க.”

போட்டான். மறுமுனையில் ஒரே ஒரு மணிதான் அடித்தது.

கீபோர்டுகாரன் தெருமுனையிலேயே நின்றிருந்தவன்போல வந்து சேர்ந்தான். தோளில் பை. பைக்குள் பெட்டி, கேபிள், ஸ்டாண்டு, ஹெட்போன் எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் சுமந்துகொண்டு எத்தனை நாளாகக் காத்திருந்தானோ.

“டேய், ஷேவ் பண்ண மாட்டியா?” என்றாள் அவள். “சாவு வீட்டுக்கு வந்த மாதிரி வந்திருக்க.”

“உன்ன மதிச்சு வந்ததே பெருசு. இதுல ஷேவ் வேறயா?”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முட்டியது. கணவன் தண்ணீரை நீட்டினான். இந்த ஒரு வாரத்தில் அவன் சொன்ன எதற்கும் அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கிற மாதிரி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

புதிய பெட்டியைக் கீபோர்டுகாரன் எடுத்துப் பார்த்தான். ஒரு பேச்சும் பேசாமல் ஓரமாக வைத்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று கணவனுக்குத் தோன்றியது. கீபோர்டுகாரன் தன் பெட்டியைச் செருகி, ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் கோடு துடித்தது. ஆனால் நிற்கவே இல்லை. யாரும் பேசாதபோதும் துடித்துக்கொண்டிருந்தது.

“மாமா, மெஷின் சத்தம்.”

கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் குழாய்தான் அவள் மூக்குக்குப் போகிறது. இரவும் பகலும் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் அவர்கள் காதிலிருந்து போய்விட்டிருந்தது.

“இது ஓடுனா, மாவு மில்லுல உக்காந்து பாடுன மாதிரிதான் இருக்கும்.”

“நிறுத்த முடியாது” என்றான் கணவன்.

“ஐயோ, நிறுத்தச் சொல்லல மாமா. குழாய் நீளமாத்தானே இருக்கு. மெஷினப் பக்கத்து ரூமுக்குத் தள்ளிட்டுக் கதவ ஒருக்களிச்சு வெச்சுக்கலாம். யாராவது அங்க உக்காந்து, கதவு குழாய நசுக்காமப் பாத்துக்கிட்டாப் போதும்.”

“நான் போறேன்” என்றாள் அக்கா.

“நீ அழுவ. அது மைக்குல விழும்” என்றாள் அவள். “நீ கிச்சனுக்குப் போ. அவர் உக்காரட்டும். அவர்னா கவனமா இருப்பார்.”

அவ்வளவுதான். பாராட்டியும் ஆயிற்று, வெளியே அனுப்பியும் ஆயிற்று.

பக்கத்து அறையில் மெஷினுக்கு அருகே தரையில் உட்கார்ந்தான். கதவுக்கும் நிலைக்கும் நடுவே தன் விரல்களைக் கொடுத்து, குழாய்க்கு வழி விட்டான். அங்கே மெஷின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. கதவிடுக்கில் ஒரு கோடளவு அறை தெரிந்தது. கீபோர்டுகாரனின் பிடரி, ஹெட்போன், மேலே தூக்கிய ஒரு கை. அந்தக் கை காற்றில் நின்றது, மெல்ல இறங்கியது, மறுபடி எழுந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய இரண்டு மூச்சுக்கு நடுவில் வருவதுகூட அந்த ஹெட்போனுக்குள் போய்க்கொண்டிருக்கும். கதவு அழுத்தி விரல் மரத்தது. அவன் எடுக்கவில்லை. அவள் பாட மூச்சு இந்த வழியாகத்தான் போகிறது. பாட்டு அந்தப் பக்கம் போகிறது.

கதவு திறந்தது. கீபோர்டுகாரன் முகத்தைக் காட்டாமல் அவனைத் தாண்டிப் போனான். “எடுத்தாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதிவை நிறுத்தவும் மறந்துவிட்டிருந்தான்.

கணவன் மெஷினைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். சக்கரம் நிலைப்படியில் ஏறி இறங்கியது. அவள் கண் மூடியிருந்தது. நெற்றியில் வியர்வை.

“வந்துட்டியாடா” என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. பால்கனியில் கீபோர்டுகாரனின் முதுகு தெரிந்தது.

“ம்” என்றான்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. வெயில் சன்னலை விட்டு இறங்குவதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் எடுத்துக்கொண்டு போகும்போது கீபோர்டுகாரன் தெருவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். யார் யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தடவினார்கள். “பாவம், கூடப் பொறந்த தம்பியா?” என்று ஒரு பெரியவர் கணவனிடமே வந்து கேட்டார். “இல்ல” என்றான். அவனுக்குக் கண்ணீர் வரவில்லை. யாரும் அவன் முதுகைத் தடவவில்லை. சட்டை மடிப்புக் கலையாமல் நிற்கிறவனை எப்படித் தேற்றுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

வீடு காலியான பிறகு லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். குரல் இற்றுப்போயிருந்தது. ஆனால் ஓர் இடத்திலும் வழுக்கவில்லை. அந்த ‘நீ’ வந்தது, போனது. நாலாவது வரி முடிந்தது. நாற்காலி நகர்ந்தது. கதவு. சக்கரம். மெஷின் சத்தம் நெருங்கியது.

வந்துட்டியாடா.

அடுத்து அவனுடைய ‘ம்’. யார் என்று சொல்லாத ம். யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய ம்.

திரும்பத் திரும்ப அதையே கேட்டான். பாட்டுக்குப் போகவே இல்லை. அவள் விழித்திருந்தாளா? சக்கரச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்குமே. மெஷினைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் யார் என்று தெரிந்திருக்குமே. அல்லது அதெல்லாம் இல்லாமல், எப்போதும் டா போட்டுக் கூப்பிடுகிறவனைத்தான் கூப்பிட்டாளா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்.

கீபோர்டுகாரன் போன் செய்து பாட்டைக் கேட்டான். லேப்டாப்பில் சார்ஜ் இல்லை என்றான் இவன். இன்னொரு நாள் நெட் இல்லை என்றான். கடைசித் துண்டை எப்படி வெட்டுவது என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டான். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான். திரையில் அது நீலமாக மாறியது. விரலை வைத்தால் போதும். வைக்க முடியவில்லை. முழுசாகக் கொடுத்தால் கீபோர்டுகாரன் அந்த வார்த்தையைக் கேட்பான். கேட்டால் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

“தம்பி, அந்தப் பையன் வாசல்ல நிக்கிறான்” என்றாள் அக்கா. “பெட்டிய எடுத்துக்க வந்திருக்கானாம். பாட்டையும் குடுத்து அனுப்புங்க. குழுவுல எல்லாரும் கேக்குறாங்களாம். அவ பாட்டு அவங்களுக்கும்தானே.”

கீபோர்டுகாரன் வந்து உட்கார்ந்தான். மைக் இன்னும் ஸ்டாண்டில், காலிக் கட்டிலைப் பார்த்தபடி இருந்தது. பெட்டியில் ஹெட்போனைச் செருகினான். “ஒரு தடவ கேட்டுட்டு எடுத்துக்கறேன் மாமா.”

அவனுக்குப் பின்னால் கணவன் நின்றான். திரையில் ஊசிபோல ஒரு கோடு பாட்டின் மேடு பள்ளங்களைக் கடந்து போயிற்று. வார்த்தை எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். கோடு அதன்மேல் ஏறி இறங்கியது. கீபோர்டுகாரன் பின்னுக்கு இழுத்து இன்னொருமுறை கேட்டான். பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

“கடைசியில பேச்சு இருக்கு மாமா.”

“தெரியும்.”

“பாட்டுக்கு அது வேணாம். தனியா வெட்டி உங்ககிட்டயே விட்டுடறேன்.”

“எங்கிட்ட எதுக்கு? உங்களத்தான் கூப்பிட்டிருப்பா.”

“என்னையா?”

“கண்ண மூடியிருந்தா. நீங்கதான் திரும்பி வந்தீங்கன்னு நெனச்சிருப்பா. டா போட்டது உங்களத்தானே.”

கீபோர்டுகாரன் கேபிளின் முனையைத் திருகினான்.

“மாமா, என்னை அவ ஒருநாளும் வந்துட்டியான்னு கேட்டதில்ல. நான் எல்லாத்துக்கும் லேட்டு. ஒத்திகை, மேடை, உங்க கல்யாணம், எல்லாத்துக்கும். ‘எங்கடா போய்த் தொலஞ்ச’ – இது ஒண்ணுதான் எனக்கு.”

உண்மையாக இருக்கலாம். கணவனுக்காக அந்த நிமிடத்தில் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் அவன் மனம் அதில் நிற்கவில்லை. அது வேறொரு இடத்துக்குப் போய்விட்டது. எங்கடா போய்த் தொலஞ்ச. இத்தனை வருடம் இந்த ஆள் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். தான் வேலை முடிந்து எந்த நேரத்துக்கு வந்தாலும் “சாப்பிடறீங்களா” மட்டும்தான். ஒரு நாளாவது நேரம் கெட்ட நேரத்தில் வந்திருக்கலாம்.

“எப்படிச் சொல்லுவா?” என்றான்.

“எத?”

“இப்ப சொன்னீங்களே, அத.”

“அதான் மாமா. எங்கடா போய்த் தொலஞ்சன்னு…”

“அது நீங்க சொல்ற மாதிரி இருக்கு. அவ சொல்ற மாதிரி சொல்லுங்க.”

கீபோர்டுகாரன் அவனை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ‘எங்க’வை மேலே தூக்கி, ‘தொலஞ்ச’வை இழுத்து, கடைசியில் லேசாக ஒரு சிரிப்பு ஒட்டிக்கொள்ளும்படி சொன்னான். மைக்கில் இன்னும் உயிர் இருந்தது. பெட்டியின் முகப்பில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எழுந்து அடங்கியது.

அவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

“இன்னொரு தடவ.”

பச்சை விளக்கு மறுபடி எழுந்தது.