மாமனாருக்கு ஒரு வேப்

எல்மர் ஐந்து மணிக்கு எழுந்தான். காபிக்குத் தண்ணீர் வைத்தான். முதல் நாள் சோற்றில் பூண்டு தட்டிப் போட்டு வறுத்தான். கருவாடு நாலு துண்டு பொரித்தான். கொல்லையில் சேவலுக்குச் சோளம் இறைத்தான். பிறகு சார்ஜரிலிருந்து பேட்டரியைக் கழற்றினான். கட்டைவிரல் பருமனில் நீலத்தோல் போர்த்த பேட்டரி. ஜன்னல் வெளிச்சத்தில் அதை உருட்டி உருட்டி, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. கறுப்புப் பெட்டிக்குள் போட்டு மூடி, மாமனாரின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஆறு வாரமாகத் தினமும் இதே வரிசைதான். அப்புறம் குளிக்கப் போனான்.

அந்தப் பெட்டி அவன் கட்டிய வேப்; சிகரெட்டுக்குப் பதில் ஆவி இழுக்கும் கருவி. மாமனார் போன்சியானோ சான் பாப்லோவில் முப்பத்தொரு வருஷமாக ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டுகிறவர். நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். ஜனவரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் மாட்டிக் காட்டி, இப்படியே இன்னொரு வருஷம் போனால் வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர்தான் என்று சொல்லிவிட்டார். புகைக்குப் பதில் ஆவி என்று யாரோ சொல்ல, கிழவர் தாமே ஒன்று செய்யக் கிளம்பினார். பழைய டார்ச் லைட் குழாய். செத்த லேப்டாப்பிலிருந்து திருப்புளியால் நெம்பி எடுத்த பேட்டரி. குழாயில் மருந்துக்கும் ஓட்டை இல்லை.

“அப்பா, இதுக்குப் பேரு வேப் இல்ல. குண்டு,” என்றான் எல்மர். அவர்கள் வழக்கப்படி மாமனாரையும் அவன் அப்பா என்றுதான் கூப்பிடுவான்.

“பயந்தாங்கொள்ளி இன்ஜினியர். காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தானா?”

“கடையில ஒண்ணு வாங்கித் தர்றேன்.”

“கடையில விக்கிறது லிப்ஸ்டிக் மாதிரி இருக்கு. அத வாயில வச்சா ஸ்டாண்டுல ஒருத்தன் மதிப்பானா?”

வேறு வழியில்லாமல் எல்மர் கட்டினான். மூன்று ஞாயிறு ஆயிற்று. நல்ல கடையில் புது பேட்டரி. பேட்டரி பொங்கினால் காற்று வெளியேற அடியில் ஆறு ஓட்டை. கம்பிச்சுருள் சுற்றி, மீட்டரில் ஒரு ஓம் காட்டும்வரை பிரித்துப் பிரித்து மறுபடி சுற்றினான். பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒரு ஃபியூஸ். ஜீப்னி உதிரிபாகக் கடையில் தொங்குகிற அதே இரண்டு கால் ஃபியூஸ். எங்கேயாவது கம்பி இடித்தால் அது எரிந்து மற்றதைக் காப்பாற்றும். ஒவ்வொன்றையும் கிழவருக்குக் காட்டினான். அவர் கொட்டாவி விட்டார். நடுவில், ஆவியாகிற சாறு ஊற்றும் குப்பியில் தேங்காய் எண்ணெய் ஊற்றப் போனார்.

“வாசனையா இருக்கும்டா.”

“எண்ணெய் நுரையீரல்ல போய் உக்காந்துக்கும்ப்பா. வெளிய வராது.”

“அப்ப தலைவலித் தைலம்?”

எல்மர் குப்பியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். கடைசியில் ஒரே ஒரு கட்டளை வைத்தான். எது நின்றாலும் என்னைக் கூப்பிடுங்கள். நீங்கள் கை வைக்காதீர்கள். கிழவர் மார்பில் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார்.

இப்போது அவன் தலையில் சோப்பு நுரை. பிளாஸ்டிக் கருகும் வாடை குளியலறைக் கதவிடுக்கில் நுழைந்தது. அவசரமாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். கிழவர் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்.

“சுடுதுடா! சுடுது!”

“எடுத்து எறிங்க!”

பெட்டி மேசைமேல் விழுந்தது. எல்மர் துண்டின் நுனியால் அதைப் பிடித்துக் கொல்லைக்கு ஓடி, மூடியைத் திறந்து, பேட்டரியை மணல் நிரப்பிய பெயின்ட் டப்பாவுக்குள் தட்டினான். பெட்டி கட்டிய நாளே அந்த டப்பாவைத் தயாராக வைத்தவன் அவன்தான். நீலத்தோல் கொப்பளித்திருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால்? அவன் அதை யோசிக்கவில்லை. இந்த எட்டு மாதமாக அவன் எதையும் அதிகம் யோசிப்பதில்லை. கண்ணில் சோப்பு எரிந்தது.

பெட்டியோடு உள்ளே வந்தான். மாமியார் ஹெர்மினியா அடுப்பங்கரை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

“என்ன பண்ணீங்க?” என்றான் எல்மர் கிழவரிடம்.

“ஒண்ணும் பண்ணல. சுவிட்சத் தொட்டேன், டப்புன்னு நின்னுபோச்சு. சரி பண்ணேன்.”

“சுருள மாத்துனீங்களா?”

“நேத்து ஸ்டாண்டுல பெனிங்னோ காட்டுனான். நாலு சுத்து போதுமாம். தொண்டையில நல்லா அடிக்கும்னான்.”

“பெனிங்னோ என்ன பண்றான்?”

“டயர் கடை.”

எல்மர் கண்ணை மூடித் திறந்தான். சுருளின் ஒரு கால் உலோகச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால்தான் ஃபியூஸ் எரிந்திருக்கிறது. தன் வேலையைச் சரியாகச் செய்த ஒரே ஆசாமி இந்த வீட்டில் அந்த ஃபியூஸ்தான். அதன் மேல் மினுங்கும் தாள் ஒன்றை நான்கைந்து சுற்று சுற்றி, மின்சாரம் தடையில்லாமல் ஓடும்படி மறுபடி செருகியிருந்தார் கிழவர். ஜீப்னியில் ஃபியூஸ் போனால் அவர்கள் எல்லாரும் செய்கிற வேலை.

“இது ஜீப்னி இல்லப்பா. எத்தன தடவ சொல்றது? இத நெஞ்சுல வச்சுக்கிறீங்க!”

“அதுலயும் பேட்டரிதான், ஒயர்தான். பெருசா பேசுறான்.”

எல்மர் தாளைப் பிரித்தான். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் வெள்ளைக் காகிதம். மூக்கருகே கொண்டுபோனான்.

“இது ஏது?”

“எங்கயோ கிடந்துச்சு.”

“காலையில ஆறு மணிக்கு எங்க கிடந்துச்சு?”

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹெர்மினியா வந்து அவர் கால்சட்டைப் பையைத் தட்டினாள். அப்புறம் உள்ளே கைவிட்டாள். பாதி தீர்ந்த சிகரெட் பாக்கெட். உள்ளே வெள்ளித்தாள் இல்லை.

“ஆறு வாரமா ரெண்டையும் ஊதுறியா?” என்று கத்தினாள். “அவ சாகும்போது என்ன சொன்னா? ‘அப்பாவ சிகரெட்ட விடச் சொல்லு’ன்னுதானே கடைசியா சொன்னா! செத்துப்போன பொண்ணு பேச்சுக்கு இதுதான் மரியாதையா?”

ஜோவலின் எல்மரின் மனைவி. எட்டு மாதத்துக்கு முன் டெங்குவில் நாலே நாளில் போனாள். ஒன்பது நாள் பிரார்த்தனையில் வந்தவர்களுக்கெல்லாம் ஹெர்மினியா சொன்னது இதைத்தான். பாதிரியார் அதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். ஸ்டாண்டில் டிரைவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்மர் வாயைத் திறக்கவில்லை. கிழவர் விட்டுத்தொலைத்தால் சரி என்று இருந்துவிட்டான்.

போன்சியானோ நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் பழுப்பாகக் கருகல் வட்டம்.

“விட முடியலடி. ஒவ்வொண்ணு பத்த வைக்கும்போதும் அவ சொன்னது காதுல விழுது. அத மறக்க இன்னொண்ணு பத்த வைக்கிறேன்,” என்றார். “முன்ன ரெண்டு பாக்கெட். இப்ப ரெண்டரை. தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு, திருடன் மாதிரி.”

அவர் எல்மரைப் பார்த்தார். முதல்முறையாக அவர் குரலில் கிண்டல் இல்லை.

“நீதானே கூட இருந்த. நெசமாவே அப்படித்தான் சொன்னாளா?”

ஹெர்மினியா கணவர் தலைக்கு மேலாக எல்மரைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லு என்றது அந்தப் பார்வை.

ஆமாம் என்றால் கிழவர் தொட்டிக்குப் பின்னால் போவார். இல்லை என்றால் வாசலிலேயே உட்கார்ந்து ஊதுவார். எப்படியும் ஊதத்தான் போகிறார். அவருடைய நுரையீரலுக்கும், இந்தப் பெட்டிக்கும், டயர்க்கடைக்காரனின் நாலு சுற்றுக்கும், எட்டு மாதமாகத் தான் காவல் காத்த பொய்க்கும் சேர்த்து எல்மருக்கு அலுத்துப்போனது. கையிலிருந்த வெள்ளித்தாளைக் கசக்கி மேசைமேல் போட்டான்.

“இல்லப்பா. அம்மா அப்ப கஞ்சி வாங்கக் கீழ போயிருந்தாங்க. ரூம்ல நான் மட்டும்தான். உங்களப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல. சிகரெட்டப் பத்தியும் சொல்லல.”

ஹெர்மினியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பின்ன என்னதான் சொன்னா?” என்றார் கிழவர்.

எல்மர் இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஆஸ்பத்திரியில் ஜோவலின் கண்ணைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். எப்போதும் போல எரிச்சலாகத்தான் சொன்னாள். அவன் எழுந்து குளியலறைக்குப் போனான். திரும்பி வந்தபோது நர்ஸ்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இதெல்லாம் அவன் கிழவரிடம் சொல்லவில்லை. அவள் சொன்னதை மட்டும் சொன்னான்.

“‘சட்டைய உள்பக்கம் வெளிய தெரியிற மாதிரி போட்டிருக்க, எல்மர். போய் மாத்திக்கிட்டு வா.’”