திருடனுக்கு வைத்த மீன்

அக்டோபர் பாதியிலேயே முதல் பனி விழுந்துவிட்டது. என் புருஷன் வதீம் குழாய்த் தண்ணீரை வடித்து, பீப்பாயைக் கவிழ்த்து, எலி கடிக்காமலிருக்க மெத்தைகளைக் கயிற்றில் தொங்கவிட்டான். இனி மே மாதம்தான் இந்தத் தோட்ட வீட்டுக்கு வருவோம். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பு அணைந்ததா என்று பார்க்கப் போவேன், பார்க்காமலே திரும்பி வருவேன்.

"என்னடி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திச் சுத்தி வர்ற? ஊருக்குப் போற வோலக்தா ரயில் போயிடும்."

"மேஜையில சாப்பாடு வைக்கணும்."

எப்படியும் குளிர்காலத்தில் எவனாவது உள்ளே புகுவான். வயிற்றுக்குக் கிடைத்தால் பாத்திரத்தை உடைக்கமாட்டான் என்று இங்கே எல்லோரும் ஏதாவது வைத்துவிட்டுத்தான் போவார்கள். நான் டின் மீனை அடுக்கிக்கொண்டே போனேன்.

"திருடனுக்குக் கல்யாண விருந்தா?" என்றான்.

போன மே மாதம் வந்தபோது சாப்பாடு காலி, தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. எந்தத் திருடன் தட்டுக் கழுவுவான்? என் மகன் க்ளேப்தான். குடித்துவிட்டு வந்தவனை வதீம் வெளியே தள்ளியதிலிருந்து அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. இன்று வதீம் ஜன்னல்களுக்குப் பலகை வைத்து அறைந்த ஒவ்வொரு ஆணியும் என் நெஞ்சில் இறங்கியது. கதவிலோ புதுப் பூட்டு. பனியில் என் பிள்ளை வந்து நின்றால்?

"சாவிய எங்கயாவது வெச்சுட்டுப் போலாம்."

"யாருக்கு?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை. "க்ளேப்புக்கு! போன வருஷம் வந்தது அவன்தான். நீ என்ன வேணா கத்திக்க!"

அவன் கத்தவில்லை. சுத்தியலைப் பைக்குள் போட்டான்.

"தெரியும். சமையக்கட்டு ஜன்னல் கண்ணாடியக் கழட்டித்தான் உள்ள வந்திருக்கான். போறப்ப திருப்பி மாட்டி, சட்டத்து ஆணியெல்லாம் பழைய ஓட்டையிலயே அடிச்சிருக்கான். ஒண்ணுகூட வளையல. அந்த வேலைய அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லலியே, பாவி! நான் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கேன்!"

"நீ மட்டும் சொன்னியா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவனை அடிக்கலாம் போலிருந்தது.

"சாவி வேணாம் ரிம்மா. சாவியப் பாத்தா, அப்பனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அப்படியே திரும்பிடுவான். அந்த ஒரு ஜன்னலுக்கு நான் பலகை அடிக்கல." மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கியவன் நின்றான். "மீனையும் கொஞ்சம் எடுத்துடு. இவ்வளவு இருந்தா சந்தேகப்படுவான்."

உள்ளே போனேன். என் பிள்ளைக்கு வைத்த சாப்பாட்டை, ஒரு திருடனுக்குப் போதுமான அளவுக்குக் குறைத்தேன்.