டிவி ஓடினால் போகலாம்

செய்தி வாசிப்பவளின் வாய் பாதி திறந்திருக்கும்போதே டிவி அணைந்தது. அத்தை தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் ஊதி அணைத்தது போல. உஸ்கென் பஜாரிலிருந்து மெக்கானிக் இசாக் வந்து, அரை நாள் அதைக் குடைந்து, கறிச்சோறும் தின்றுவிட்டு, உங்கள் பேரன் கல்யாணம் வரைக்கும் ஓடும் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனது முந்தின நாள்தான். பழுது பார்ப்பதற்கு முன் அது படமே காட்டாது. பார்த்த பிறகு படம் காட்டி, ஆசை காட்டி, நல்ல இடத்தில் கழுத்தறுத்தது. முன்பே தேவலை.

மாமா இறந்ததிலிருந்து அத்தைக்கு வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என் கணவர் வெளிநாட்டில், கசானில் கட்டட வேலையில் இருக்கிறார். நாத்தனார் ஓஷில் நர்சிங் படிக்கிறாள். மிச்சம் நானும் ஒரு பசுவும். மருமகள் அதிகம் பேசக் கூடாது, பசுவோ தொழுவத்தில். ஆக, டிவிதான் கதி. நான் பிறந்த ஊரான நாரினில் என் அப்பாவுக்குப் பனி உருகுகிற சமயத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணிவிட்டது, பேச்சும் இல்லை. கல்யாணமாகி வந்த பிறகு நான் பிறந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. மருமகளை முதல் தடவை அனுப்புவதென்றால் மாமியார்தான் சீர் கொடுத்து அனுப்ப வேண்டும். கேட்காமல் கிளம்பினால் திரும்பி வர இந்த வாசல் இருக்காது. நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அத்தை முடியாது என்று சொல்லவில்லை.

"டிவி மட்டும் நிக்காம ஓடட்டும் கனிஷாய். பால் கறக்க தமாராவ வரச் சொல்லிக்கிறேன். நீ போயி ஒங்கப்பாவப் பாத்துட்டு வா."

அதை அப்படியே அம்மாவுக்குப் போனில் சொன்னேன். அன்றிலிருந்து அங்கே இரண்டு பேர், இங்கே ஒருத்தி, இந்தப் பழைய பெட்டிக்காக துஆ கேட்டுக்கொண்டிருந்தோம்.

இசாக்குக்குப் போன் போட்டேன். கரண்ட் குறைவாக இருக்கும் என்றார். பக்கத்து வீட்டு தமாரா அக்காவிடம் ஸ்டெபிலைசர் இரவல் வாங்கி மாட்டினேன், அணைந்தது. சூடாகிறது என்றார். மேலே விரித்திருந்த பூவேலைத் துணியை எடுத்து, சுவரிலிருந்து தள்ளி வைத்தேன், அத்தை தாம்பாளத்தால் விசிறினார், அணைந்தது. பிறகு ஆன்டெனாவைப் பாரு என்றார். இந்த ஆளுக்குக் கறிச்சோறு போட்டது தண்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் அவரை விட்டுவிட்டு நானே டிவிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். மருமகளாய் வந்த நாளிலிருந்து அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பார்த்தே காலம் தள்ளுகிறவள் நான், ஒரு டிவி முகம் பார்க்கத் தெரியாதா?

அணைவதற்கு முன் உள்ளே டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அணைந்த பிறகு இடது கன்னத்தில் லேசாக அழுத்தினால் தானே விழித்தது. பழுது பார்க்கும் முன் அதன் முதுகு மூடி இரண்டு திருகாணியில் தொங்கிக்கொண்டிருக்கும். இசாக் பொறுப்பான மனிதராயிற்றே, எல்லாத் துளையிலும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார். மூடி உள்ளே எதையோ நெரிக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருப்புளியால் கீழ்த் திருகாணிகளை மட்டும் கொஞ்சம் தளர்த்தினேன். மறுநாள் காலையில் போட்ட டிவி, மாலை நான் பசுவை ஓட்டிக்கொண்டு வரும்வரை ஓடியது.

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தமாரா அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார், மெக்கானிக்கே தோற்றுப்போனான் என்றார். எனக்கும்தான் பெருமை பிடிபடவில்லை. எண்ணெய் காய்ச்சி, மாவு உருட்டிப் போர்சோக் சுட்டேன். அத்தை அலமாரியிலிருந்து வெல்வெட் துணியும் சிவப்பு நூலும் எடுத்து, டிவி முன்னால் உட்கார்ந்து ஆட்டுக்கொம்புக் கோலம் தைக்க ஆரம்பித்தார். அடுத்த நாளும் தைத்தார். சீர் தயாராகிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குக் கண்ணாடி உறையாக இருக்குமோ, அப்பாவுக்குத் தொப்பியோ என்று அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். என் துணிகளையும் துவைத்துக் காயப்போட்டேன்.

தைத்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். நீளமான, குறுகலான ஒரு பை. அதற்குள் திருப்புளியைச் செருகி, டிவி பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

"இது ஒன்னோடது. வேற யாரும் தொடக் கூடாது."

"ஓடினா போகலாம்னீங்களே அத்தை" என்றேன்.

"நீ இருக்கப்போயித்தானே ஓடுது. நீ போன அன்னிக்கு நின்னுட்டா நான் யாரு வாயப் பாக்குறது? அதோட நாடி ஒனக்குத்தானேடி தெரியும்." என் தலையைத் தடவினார். "அந்த அமைதிய என்னால தாங்க முடியாதும்மா."

கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னார். ஆப்பசைத்த குரங்கு மாதிரி, திருகாணியை அசைத்து நானே மாட்டிக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் திருப்புளியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருக்கலாம். எறியவில்லை, தேநீர் ஊற்றினேன்.

அப்போதுதான் அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். கதவைச் சாத்தியும் உள்ளேயிருந்து பாட்டுக் கச்சேரிச் சத்தம் கணீரென்று வந்தது.

"என்னடி பாட்டு கேக்குது? டிவியா?"

"ம்."

"நிக்காம ஓடுதா?"

"ஓடுதும்மா."

மேலே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா போனைப் பிடித்தபடியே திரும்பி, "கேட்டீங்களா, டிவி ஓடுதாம். வந்துருவா" என்று சத்தமாகச் சொன்னாள். போன் ஆடியது, கூரை தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, பிறகு அப்பாவின் முகம். சரியாக இருந்த பாதி சிரித்தது. பிறகு அவர் நல்ல கையை மெத்தைமேல் ஊன்றி, எழுந்து உட்காரப் பார்த்தார்.