கேட்ட பிறகு பேசக்கூடாது

இன்னும் ஐம்பத்து மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று லட்சம் யூரோ தருவதாக யாராவது எழுதிக் கொடுக்காவிட்டால், சாகக் கிடப்பவர்களுக்கான அந்த ஆறு படுக்கை இல்லத்தை நிர்வாகக் குழு மூடிவிடும்.

வீட்ஸ்கே முப்பத்தோரு வருடமாக அந்த இல்லத்துக்கு நன்கொடை திரட்டுபவள். பெரிய கைகளிடம் அவசரப்பட்டுக் கேட்கக்கூடாது, பழகிப் பழகித்தான் கேட்கவேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள். அப்படிப் பதினோரு வருடம் பழகி வைத்திருந்தவர்தான் கெர்லோஃப். ஹார்லிங்கன் துறைமுகத்தில் படகுப் பட்டறை நடத்தி, நல்ல விலைக்கு விற்றவர். அவர் மனைவி அந்த இல்லத்தில்தான் இறந்தாள். வருடா வருடம் அவள் இறந்த தேதியில் வீட்ஸ்கே சர்க்கரை ரொட்டியோடு வந்து நிற்பாள். பணப்பேச்சை மட்டும் எடுத்ததில்லை.

இன்று அந்தத் தேதி இல்லை.

"என்ன, நாள் மறந்துபோச்சா? வயசாகுது உனக்கும்," என்றார் கெர்லோஃப், கதவைத் திறந்தபடி.

"உங்களைவிட இருபத்து மூணு வயசு சின்னவ நான்."

"மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலயே."

சிரிக்கத் தெம்பில்லை. காலையிலிருந்து நாலு வீடு ஏறி இறங்கியாயிற்று. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. காப்பி வந்தது, ஒரே ஒரு பிஸ்கட்டோடு.

"இல்லத்தை மூடப்போறாங்க," என்றாள். "மூணு லட்சம் வேணும். உங்ககிட்ட கேட்கத்தான் வந்தேன்."

தொகையைச் சொன்ன பிறகு வாயைத் திறக்கக்கூடாது. அது தொழிலின் சட்டம். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே தீவுக்குப் போகும் கப்பல் ஊதியது. கெர்லோஃப் எழுந்து ஜன்னல் வரை போனார், திரும்பி வந்தார், சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தார். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

"ஒவ்வொரு வருஷமும் இந்தத் தடவை கேட்பா, இந்தத் தடவை கேட்பான்னு பார்த்துட்டே இருந்தேன்," என்றார் அவர். "நானா பணத்தை நீட்டினா நீ கொண்டுவர ரொட்டிக்கு விலை கொடுத்த மாதிரி ஆயிடும். அதான் பேசாம இருந்தேன்."

"இப்ப கேட்டுட்டேன்ல?"

"கேட்டுட்ட." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "போன மாசம் கடல் மீட்புப் படகு வாங்கணும்னு ஒருத்தர் வந்தார். முன்னப் பின்ன தெரியாது. நின்ன வாக்கிலயே கேட்டார். இருந்ததை எல்லாம் கொடுத்துட்டேன், வீட்ஸ்கே."