போர்டில் போட்ட பூட்டு

அலுவலகம் கழித்துக்கட்டிய லேப்டாப்புகளை ஊழியர்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சிஸ்டம் அட்மின், தான் இத்தனை வருஷம் தட்டிய பழைய மெஷினையே கேட்டு வாங்கிக்கொண்டார். அதே வாரம் ராஜினாமாவையும் நீட்டிவிட்டார். குளிக்கும்போதுகூடப் போன் அடிக்கிற வேலை யாருக்கு வேண்டும்!

சாப்பாட்டு மேசையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது. ராம் இரட்டிப்பானது. பேட்டரி, கீபோர்டு எல்லாம் புதுசு. விசிறியில் அடைந்திருந்த தூசியை மனைவியின் மேக்கப் பிரஷ்ஷால் தட்டி, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"இதுக்குப் புதுசே வாங்கியிருக்கலாம்ல?"

"இது இரும்பு உடம்பும்மா. இனிமே இதுதான் என் ஆபீஸ். நான்தான் முதலாளி."

முதல் வாடிக்கையாளர் ஒரு பல் டாக்டர். அவருடைய கிளினிக் கம்ப்யூட்டர்களை நாளைக் காலையில் வீட்டிலிருந்தே சரிசெய்து கொடுக்க வேண்டும். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க வேலை.

சோதித்துப் பார்க்க வைஃபையை இணைத்தார். திரை நீலமானது. 'இது நிறுவனத்தின் கணினி. பூட்டப்பட்டுள்ளது. நிர்வாகியை அணுகவும்.'

அந்த நிர்வாகியே அவர்தான். திருடன் டிஸ்க்கை மாற்றினாலும் திறக்காதபடி, மெஷினின் மதர்போர்டிலேயே பூட்டுப் போட்டுக் கைதட்டல் வாங்கியவரும் அவர்தான். மற்றவர்கள் எடுத்துப்போனதையெல்லாம் பூட்டிலிருந்து பொறுப்பாக விடுவித்திருந்தார். தன்னுடையது கடைசி நாள்வரை வேலைக்கு வேண்டியிருந்ததால் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டு, மறந்தே போனார். போகிற போக்கில் தன் நிர்வாகிக் கணக்கையும் முடக்கிவிட்டு வந்திருந்தார். அவ்வளவு நேர்மை!

கையிலிருந்த பணமெல்லாம் இதற்கே போயிருந்ததால், வேறு வழியில்லாமல் மேனேஜருக்குப் போன் போட்டார்.

"அடடா, அந்தப் பூட்டை எடுக்கத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தானே!" மேனேஜரின் குரலில் தேன் வழிந்தது. "உங்க கணக்கைத் திறந்து விட்டுடலாம். ஆனா ஊழியரா இருந்தாத்தான் திறக்கணும்னு ஒரு ரூல் இருக்கே. நீங்க எழுதினதுதான்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உங்க ராஜினாமாவை நான் இன்னும் மேல அனுப்பலை சார். எனக்குத் தெரியும், நீங்க வருவீங்கன்னு. இப்பவே கிழிச்சிடுறேன். காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க, சர்வர் ஒண்ணு மக்கர் பண்ணுது."

"என்னங்க சொல்றாரு?" என்றாள் மனைவி.

அவர் போனை வைத்தார். பல் டாக்டரை அழைத்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அழ வேண்டும் போலிருந்தது, தன்னையே அறைய வேண்டும் போலவும் இருந்தது.

திரை இன்னும் நிர்வாகியை அணுகச் சொல்லிக்கொண்டிருந்தது. நிர்வாகி எழுந்துபோய் நாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டார்.